சொன்னவர் யார், பொறுப்பு யாருக்கு? ஆங்கில அயற்கூற்றும் கூற்றுவினைகளும்

2003ஆம் ஆண்டு ஜனவரி 28 அன்று அமெரிக்க அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரையில் ஒரு வாக்கியம் இடம்பெற்றது. ஆங்கிலத்தில் அது 16 சொற்கள். சதாம் உசேன் அண்மையில் ஆப்பிரிக்காவிலிருந்து பெருமளவு யுரேனியம் பெற முயன்றதை பிரிட்டிஷ் அரசு அறிந்துள்ளது என்பது அதன் பொருள். அடுத்த எட்டு வாரங்களுக்குள் ஈராக் மீது போர் தொடங்கிவிட்டது. அதே ஆண்டு ஜூலை 11 அன்று, சிஐஏ இயக்குநர் ஜார்ஜ் டெனட் அந்த 16 சொற்களும் அதிபரின் உரையில் இடம்பெற்றிருக்கவே கூடாது என்று அறிக்கை வெளியிட்டார். அதே அறிக்கையில் வேறொன்றையும் குறிப்பிட்டார். ஈராக் யுரேனியம் தேடியதாக பிரிட்டிஷ் அறிக்கை சொல்லியிருந்தது உண்மைதானே, எனவே வாக்கியம் தகவல் அளவில் சரியானதே என்று தம் நிறுவன அதிகாரிகள் அப்போது இசைந்துவிட்டார்கள் என்றார்.

‘பிரிட்டன் இப்படிச் சொன்னது’ என்பது ஒரு செய்தி. ‘பிரிட்டன் சொன்னது நடந்தது’ என்பது இன்னொரு செய்தி. அதிகாரிகள் முதலாவதைச் சரிபார்த்து ஒப்புதல் கொடுத்தார்கள். கேட்ட மக்களின் காதில் விழுந்தது இரண்டாவது. அதற்குக் காரணம் வாக்கியத்தின் வினைச்சொல். புஷ் ‘செட்’ என்ற வினையைப் பயன்படுத்தவில்லை. ‘ஹேஸ் லேர்ன்ட்’ என்றார். 2002 செப்டம்பரில் பிரிட்டன் வெளியிட்ட கோப்பு, அப்படியொரு உளவுத் தகவல் உண்டு என்ற அளவில் நின்றது. ‘லேர்ன்’ என்ற வினையோ, அறியப்பட்ட செய்தி உண்மை என்பதைச் சேர்த்தே சொல்லிவிடுகிறது. பிரிட்டனின் கூற்றுக்கு அடிப்படை இருந்தது என்று, பிரிட்டிஷ் உளவுத் தகவல்களை ஆராய்ந்த பட்லர் குழு 2004இல் கூறியது. ஆப்பிரிக்க நாடான நைஜரிடம் ஈராக் யுரேனியம் வாங்க முயன்றதாகக் காட்டிய ஆவணங்கள் போலி என்று 2003 மார்ச்சிலேயே சர்வதேச அணுசக்தி முகமை அறிவித்தது. அந்த விவகாரத்தில் தீர்ப்புச் சொல்வது இக்கட்டுரையின் வேலையன்று. ஒரு கூற்றுவினை, அதாவது பிறர் பேச்சை எடுத்துரைக்கும் வினை, எவ்வளவு பாரம் சுமக்கும் என்பதற்கு அது சான்று.

பிறர் பேச்சை ஆங்கிலத்தில் எடுத்துரைப்பவர் வினை, காலம், சுட்டுச்சொல், மேற்கோள் குறி ஆகிய நான்கு இடங்களில் தம் நிலைப்பாட்டைப் பதிவு செய்கிறார். எவ்வளவுக்குச் சொன்னவர் பொறுப்பு, எவ்வளவுக்குத் தாம் பொறுப்பு என்பதை அந்த நான்கும் சேர்ந்து பங்கிடுகின்றன. நம் வகுப்பறைகள் இந்த இலக்கணத்தை வெறும் வாக்கிய மாற்றப் பயிற்சியாகச் சுருக்கிவிட்டன. அதனால் மாணவர்கள் இழப்பது பெரிது.

வகுப்பறை கற்பிப்பது

தமிழ்நாட்டில் பள்ளிப்படிப்பை முடித்த எவருக்கும் ‘டைரக்ட் ஸ்பீச், இன்டைரக்ட் ஸ்பீச்’ பாடம் நினைவிருக்கும். மேற்கோள் குறிக்குள் ஒரு வாக்கியம் கொடுப்பார்கள். குறியை நீக்கி மாற்றி எழுத வேண்டும். ‘செட் டு’ என்று இருந்தால் ‘டோல்ட்’ ஆக்கு, நிகழ்காலத்தை இறந்தகாலமாக்கு, ‘வில்’ வந்தால் ‘வுட்’ போடு, ‘திஸ்’ வந்தால் ‘தட்’ போடு, ‘ஹியர்’ வந்தால் ‘தேர்’ போடு, ‘டுமாரோ’ வந்தால் ‘தி நெக்ஸ்ட் டே’ போடு என்று ஒரு பட்டியல் இருக்கும். 1930களில் வெளிவந்து இன்றும் இந்தியக் கடைகளில் விற்கும் ரென், மார்ட்டின் இருவரின் இலக்கண நூலும், அதன் வழிவந்த எண்ணற்ற கையேடுகளும் இந்தப் பயிற்சியைத் தலைமுறை தலைமுறையாக நிலைநிறுத்தின.

பட்டியல் முழுக்கப் பிழை என்று சொல்ல முடியாது. பல இடங்களில் அது சரியான விடையைத் தரும். ஆனால் அயற்கூற்று எதற்காக இருக்கிறதோ அதை மறைத்துவிடும். தேர்வுத்தாளில் உள்ள வாக்கியத்துக்குச் சூழல் கிடையாது. யார், யாரிடம், எப்போது, எங்கிருந்து எடுத்துச் சொல்கிறார் என்ற விவரம் இருக்காது. இந்த நான்கும் தெரியாமல் ஆங்கில அயற்கூற்றில் ஒரே சரியான விடை என்று ஒன்றைச் சொல்லவே முடியாது. வியப்பு வாக்கியங்களை மாற்றும்போது மாணவர்கள் எழுதும் ‘எக்ஸ்க்ளெய்ம்ட் வித் ஜாய்’, ‘எக்ஸ்க்ளெய்ம்ட் வித் சாரோ’ போன்ற தொடர்களை எந்த ஆங்கில நாளிதழிலும் தேடிப் பிடிப்பது கடினம். அவை தேர்வுக்காகவே பிறந்து தேர்வுக்குள்ளேயே வாழும் ஆங்கிலம்.

அன்றாட வாழ்வில் யாரும் ஒரு வாக்கியத்தை எடுத்துவைத்துக்கொண்டு அதை மாற்றுவதில்லை. கேட்ட பேச்சின் சாரம் நினைவில் நிற்கிறது; அதை வேறொருவருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொற்கள் பெரும்பாலும் மறந்திருக்கும், பொருள் நிற்கும். அயற்கூற்று அந்தப் பொருளைச் சொல்வதற்கான வடிவம். அதனால்தான் அதை மறுபடி நேர்க்கூற்றாக்க முடிவதில்லை. ‘ஹி செட் ஹி வாஸ் இல்’ என்பதை மட்டும் வைத்துக்கொண்டு, அவர் ‘ஐ ஆம் இல்’ என்றாரா, ‘ஐ வாஸ் இல்’ என்றாரா என்று கண்டுபிடிக்க வழியில்லை.

காலம் ஏன் பின்னால் நகர்கிறது

‘ஐ ஆம் டயர்ட்’ என்று ஒருவர் சொன்னதை ‘ஹி செட் ஹி வாஸ் டயர்ட்’ என்று எடுத்துரைக்கும்போது நிகழ்காலம் இறந்தகாலமாகிறது. டென்மார்க்கின் மொழியறிஞர் ஆட்டோ யெஸ்பர்சன் இதைக் காலத்தின் பின்னகர்வு என்று அழைத்தார். இலக்கணத்தின் மெய்யியல் குறித்து அவர் 1924இல் வெளியிட்ட நூல், அயற்கூற்றைத் தனியாக ஆராய்ந்தது.

தமிழில் இந்த நகர்வு கிடையாது. ‘களைப்பாக இருக்கிறது என்றான்’ என்கிறோம். ‘களைப்பாக இருந்தது என்றான்’ என்று சொன்னால் பொருளே மாறிவிடும். ‘வருவதாகச் சொன்னான்’ என்பதிலும் எதிர்காலம் அப்படியே நிற்கிறது. சொன்னவர் சொன்ன நேரத்தில் நின்று தமிழ் காலத்தை அளக்கிறது. ரஷ்ய மொழியும் ஜப்பானிய மொழியும் இவ்வகையில் தமிழைப் போன்றவை. ஆங்கிலம் எடுத்துரைப்பவர் நிற்கும் நேரத்திலிருந்து அளக்கிறது. அவர் சொன்னது நேற்று. எனவே அவருடைய களைப்பும் நேற்றையது. ‘ஹி செட் ஹி இஸ் டயர்ட்’ என்று தமிழ் மாணவர் எழுதும்போது அவர் கவனக்குறைவாக எழுதவில்லை. தாய்மொழியின் அளவுகோலைக் கையில் வைத்திருக்கிறார். ஆசிரியர் இதை எடுத்துச்சொன்னால் பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

மீதிப் பாதிக் குழப்பத்துக்குக் காரணம், ‘ஹி செட் ஹி இஸ் டயர்ட்’ எல்லா இடத்திலும் பிழையாகாது என்பது. சொன்ன நிலை இன்னும் நீடிக்கிறது என்றால் ஆங்கிலம் நிகழ்காலத்தையும் அனுமதிக்கும். ‘ஷி செட் ஹெர் மதர் இஸ் இன் ஹாஸ்பிட்டல்’ என்று சொன்னால், தாயார் இப்போதும் மருத்துவமனையில் இருக்கிறார் என்பதை எடுத்துரைப்பவரும் ஏற்றுப் பேசுகிறார். ‘வாஸ்’ போட்டால் அவர் ஒதுங்கி நிற்கிறார். தாயார் வீடு திரும்பியிருக்கலாம், திரும்பாமலும் இருக்கலாம்.

இந்த வேறுபாடு கூர்மையாகத் தெரியும் இடம் அறிவியல் வரலாறு. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று கோப்பர்நிக்கஸ் வாதிட்டதை ஆங்கிலத்தில் நிகழ்காலத்திலும் எழுதலாம், இறந்தகாலத்திலும் எழுதலாம். சூரியன் பூமியைச் சுற்றுகிறது என்று தாலமி நம்பியதை நிகழ்காலத்தில் எழுதினால், படிப்பவர் திடுக்கிடுவார். எழுதியவரும் அதை நம்புகிறாரோ என்ற ஐயம் வரும். பெர்னார்ட் காம்ரி 1985இல் காலம் பற்றி எழுதிய நூலும், ஹட்டில்ஸ்டனும் புல்லமும் 2002இல் தொகுத்த கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கணமும் இப்பின்னகர்வை விரிவாக அலசுகின்றன. எல்லா இடத்திலும் காலத்தை மாற்று என்று வகுப்பறை விதி கட்டளையிடுகிறது. உண்மையான ஆங்கிலத்தில் பல இடங்களில் அது எழுதுபவரின் தெரிவு. அந்தத் தெரிவு, கூற்றின் உண்மைக்கு அவர் எவ்வளவு நெருக்கமாக நிற்கிறார் என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

இங்கே, நாளை, நான்

சுட்டுச்சொற்களிலும் இதே கதைதான். சென்னையிலிருக்கும் ஒருவர் திங்கட்கிழமை மதுரைக்குத் தொலைபேசியில் அழைத்து, ‘ஐ வில் கம் தேர் டுமாரோ’ என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கேட்டவர் அன்று மாலையே மதுரையில் தம் வீட்டாரிடம் சொன்னால் ‘ஹி செட் ஹி வுட் கம் ஹியர் டுமாரோ’ என்பார். செவ்வாய்க்கிழமை காலை சொன்னால் ‘டுடே’ என்பார். ஒரு மாதம் கழித்துச் சொன்னால்தான் ‘தி நெக்ஸ்ட் டே’ வரும். இடச்சொல்லைப் பாருங்கள். ‘ஹியர்’ வந்தால் ‘தேர்’ போடு என்று பட்டியல் சொல்கிறது. இங்கே ‘தேர்’ என்பதே ‘ஹியர்’ ஆகிவிட்டது. பட்டியலை மனப்பாடம் செய்த மாணவர் இந்த இடத்தில் தவறுவார். எடுத்துரைப்பவர் எங்கே, எப்போது நிற்கிறார் என்று ஒரு நொடி யோசிப்பவருக்குப் பட்டியலே தேவைப்படாது.

மறைமுகக் கேள்வியின் சொல்வரிசையும் இந்த யோசனையால் விளங்கும். ‘வேர் ஆர் யூ கோயிங்?’ என்ற கேள்வியை ‘ஷி ஆஸ்க்ட் வேர் ஐ வாஸ் கோயிங்’ என்று எடுத்துரைக்கிறோம். ‘வேர் வாஸ் ஐ கோயிங்’ என்று எழுதுவது நம் மாணவர்களிடம் மிகப் பரவலான பிழை. வினையை எழுவாய்க்கு முன் கொண்டுவருவது ஆங்கிலத்தில் கேள்வி கேட்கும் செயலின் அடையாளம். எடுத்துரைப்பவர் இப்போது கேள்வி கேட்கவில்லை, கேட்கப்பட்டதைச் சொல்கிறார். கேட்கும் செயல் ‘ஆஸ்க்ட்’ என்ற வினைக்குள் போய்விட்டது. அதனால் உள்வாக்கியம் சாதாரண வரிசைக்குத் திரும்புகிறது. இந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்ட மாணவர் விதியை மறக்க மாட்டார்.

ஆளைக் குறிப்பதில் ஆங்கிலம் ஓர் இடத்தில் தடுமாறுகிறது. ‘ராமு டோல்ட் குமார் தட் ஹி ஹேட் வன்’ என்றால் வென்றது ராமுவா, குமாரா? வாக்கியத்தைக் கொண்டு சொல்ல முடியாது. ஆங்கில நிருபர்கள் பெயரைத் திரும்ப எழுதியோ, அடைப்புக்குறிக்குள் போட்டோ சமாளிக்கிறார்கள். தமிழில் ‘தான் வென்றதாக ராமு குமாரிடம் சொன்னான்’ என்றால் ஐயமே எழாது. ‘தான்’ சொன்னவரிடம் போய் ஒட்டிக்கொள்கிறது. பேச்சுத்தமிழில் ‘தான் ஜெயிச்சேன்னு சொன்னான்’ என்று, ‘தான்’ என்பதோடு தன்மை விகுதி சேர்ந்துவரும் அமைப்பும் உண்டு. சந்தியா சுந்தரேசன் போன்ற மொழியியலாளர்களின் ஆய்வுகளால் இது உலக மொழியியலில் கவனம் பெற்றிருக்கிறது. ஆங்கில அயற்கூற்றை ஆழமாகக் கற்பவர், தம் தாய்மொழியிடம் இருக்கும் கருவிகளையும் புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறார்.

வினை சொல்லும் தீர்ப்பு

கடன் வாங்கிய ஒருவர் ‘ஐ வில் பே யூ டுமாரோ’ என்றார். இதை எடுத்துரைக்க ஆங்கிலத்தில் பல வினைகள் உண்டு. ‘செட்’ என்றால் சொன்னார், அவ்வளவே. ‘ப்ராமிஸ்ட்’ என்றால் வாக்குக் கொடுத்தார். நாளை தராவிட்டால் வாக்குத் தவறியவர் ஆகிறார். ‘அஷ்யூர்ட்’ என்றால் கேட்டவரின் கவலையைத் தணிக்க உறுதியளித்தார். ‘ஸ்வோர்’ என்றால் சத்தியம் செய்தார். அதுவரை அவரை நம்பவில்லை என்ற நிழலும் அதில் விழுகிறது. ‘க்ளெய்ம்ட்’ என்றால் அப்படிச் சொல்லிக்கொண்டார். எடுத்துரைப்பவருக்கு அதில் நம்பிக்கை குறைவு. ‘மென்ஷன்ட்’ என்றால் பேச்சோடு பேச்சாகக் குறிப்பிட்டார். கடன் வாங்கியவர் சொன்னது ஒரே வாக்கியம். அவரைப் பற்றிய ஆறு மதிப்பீடுகள் எடுத்துரைப்பவரின் கையில் இருக்கின்றன. கேட்பவருக்கு எட்டுவது அந்த மதிப்பீடுதான்.

பால் கிப்பார்ஸ்கியும் கேரல் கிப்பார்ஸ்கியும் 1970இல் வெளியிட்ட ஒரு கட்டுரை, வினைகளுக்கும் உண்மைக்கும் உள்ள உறவைத் தெளிவாக்கியது. சில வினைகள் தமக்குப் பின் வரும் செய்தி உண்மை என்பதை முன்கூட்டியே எடுத்துக்கொள்கின்றன. அவற்றைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு: வாக்கியத்தை எதிர்மறையாக்கிப் பார்க்க வேண்டும். ‘ஹி டிட் நாட் ரியலைஸ் தட் இட் வாஸ் ரெய்னிங்’ என்றால், மழை பெய்தது உறுதி, அவருக்குத்தான் உறைக்கவில்லை. ‘ஹி டிட் நாட் க்ளெய்ம் தட் இட் வாஸ் ரெய்னிங்’ என்றால், மழை பெய்ததா இல்லையா என்று நமக்குத் தெரியாது. ‘ரியலைஸ்’, ‘டிஸ்கவர்’, ‘லேர்ன்’, ‘பாயின்ட் அவுட்’ போன்றவை முதல் வகை. ‘சே’, ‘க்ளெய்ம்’, ‘அலெஜ்’, ‘பிலீவ்’ போன்றவை இரண்டாம் வகை. முதல் வகை வினையைப் போடுபவர் சொன்னவரோடு சேர்ந்து கையொப்பமிடுகிறார்.

‘அட்மிட்’ என்ற வினை இன்னும் ஒரு படி மேலே போகிறது. செய்தி உண்மை என்று காட்டுவதோடு, அதுவரை அவர் மறைத்தார், அல்லது அது அவருக்குக் களங்கம் என்ற குறிப்பையும் ஏற்றுகிறது. அமைச்சர் ஒருவர் தாம் ஒரு கூட்டத்துக்குப் போனதாகத் தாமாகவே சொல்லியிருக்கலாம். ‘அட்மிட்டட்’ என்று நிருபர் எழுதினால் அவர் குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடுகிறார். தமிழ் நாளிதழ்களில் ‘கூறினார்’, ‘தெரிவித்தார்’ என்பவற்றுக்கும் ‘ஒப்புக்கொண்டார்’, ‘சாடினார்’, ‘மழுப்பினார்’ என்பவற்றுக்கும் உள்ள தூரம் இதே தூரம்தான். ஆங்கிலச் செய்தியறைகளில் மூத்தவர்கள் ‘செட்’ என்ற எளிய வினையையே திரும்பத் திரும்பப் போடச் சொல்வது இதனால்தான். பள்ளிக் கட்டுரைக்கு அந்தத் திரும்பக்கூறல் அழகற்றதாகத் தோன்றலாம். செய்திக்கு அது நேர்மை.

இந்திய ஆங்கில நாளிதழ்களில் ‘இட் இஸ் லேர்ன்ட்’ என்றொரு தொடர் அடிக்கடி வரும். தமிழில் ‘தெரிய வருகிறது’ என்கிறோம். யார் அறிந்தார், யாரிடமிருந்து அறிந்தார் என்ற இரண்டையும் மறைத்துவிட்டு, அறியப்பட்டது உண்மை என்பதை மட்டும் நிறுத்திக்கொள்ளும் தொடர் அது. தமிழ்ப் பேச்சில் ‘வந்தானாம்’, ‘கொடுத்தாராம்’ என்று ஓர் ‘ஆம்’ சேர்த்தாலே, இது கேள்விப்பட்ட செய்தி, நான் சாட்சியில்லை என்பது புரிந்துவிடும். ஜெர்மன் நாளிதழ்கள் பிறர் கூற்றைச் சொல்லத் தனி வினைவடிவம் வைத்திருக்கின்றன. ஆங்கிலத்தில் அப்படி விகுதியோ தனி வடிவமோ இல்லாததால், முழுச் சுமையும் கூற்றுவினைமேல் விழுகிறது.

ஆய்வெழுத்தில் இந்தச் சுமை இன்னும் கனக்கிறது. ஜெஃப் தாம்சனும் யே யியுனும் 1991இல், ஆய்வுக் கட்டுரைகளின் கூற்றுவினைகளை ஆராய்ந்து அவற்றை மூன்றாகப் பிரித்தார்கள். முன்னோர் சொன்னது சரி என்று காட்டும் வினைகள், தவறு என்று காட்டும் வினைகள், தீர்ப்பைத் தள்ளிவைக்கும் வினைகள் என்பன அவை. ‘டெமன்ஸ்ட்ரேட்’ முதல் வகை, ‘இக்னோர்’ இரண்டாம் வகை, ‘ப்ரொப்போஸ்’ மூன்றாம் வகை. கென் ஹைலண்ட் 1999இல் எட்டுத் துறைகளின் ஆய்விதழ்களை ஒப்பிட்டார். கலை, சமூக அறிவியல் துறைகளில் ‘ஆர்க்யூ’, ‘சஜெஸ்ட்’ போன்ற வாத வினைகளும், அறிவியல், பொறியியல் துறைகளில் ‘ரிப்போர்ட்’, ‘ஷோ’ போன்ற கண்டறிதல் வினைகளும் மிகுந்திருப்பதைக் காட்டினார். முன்னோர் கருத்தை ‘என்ப’, ‘என்மனார்’ என்று சுட்டும் மரபு தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. அறிவுலகில் கூற்றுவினைக்கு உள்ள மதிப்பு தமிழருக்குப் புதிதன்று. ஆனாலும் ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதும் நம் மாணவர்கள் பலர் ‘ஸ்டேட்டட்’ என்ற ஒரே வினையில் நூறு முன்னோடிகளையும் அடக்கிவிடுகிறார்கள். யாரை ஏற்கிறார், யாரை மறுக்கிறார் என்பது படிப்பவருக்குப் பிடிபடுவதேயில்லை.

வினைக்கு வினை வேறு சட்டகம்

‘ஹி சஜெஸ்டட் மி டு கோ’ என்பது இந்தியர்களின் ஆங்கிலத்தில் வேரோடிய பிழை. ‘ஹி சஜெஸ்டட் தட் ஐ கோ’, ‘ஹி சஜெஸ்டட் கோயிங்’ என்பவையே வழக்கு. இவற்றைத் தனித்தனி விதியாக மனப்பாடம் செய்வது கடினம். வினை குறிக்கும் செயலைப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். சொல்வதே ஒரு செயல் என்பதை ஆக்ஸ்போர்டு மெய்யியலாளர் ஜே. எல். ஆஸ்டின் 1955இல் ஹார்வர்டில் ஆற்றிய சொற்பொழிவுகளில் விளக்கினார். 1962இல் அவை நூலாயின. வாக்குக் கொடுப்பதும் மிரட்டுவதும் மறுப்பதும் பேச்சால் செய்யும் செயல்கள். கூற்றுவினைகள் அந்தச் செயல்களின் பெயர்கள்.

வாக்குக் கொடுப்பவர், செய்ய மறுப்பவர், மிரட்டுபவர் தம் வருங்காலச் செயலைப் பற்றிப் பேசுகிறார். எனவே ‘ப்ராமிஸ்’, ‘ரெஃப்யூஸ்’, ‘த்ரெட்டன்’ ஆகியவற்றுக்குப் பின் நேராக ‘டு’ வருகிறது. கட்டளையிடுபவரும் அறிவுரை சொல்பவரும் கேட்பவரின் செயலைப் பற்றிப் பேசுகிறார்கள். எனவே ‘ஆர்டர்’, ‘அட்வைஸ்’, ‘வார்ன்’ ஆகியவற்றுக்குப் பின் கேட்பவர் பெயர் வந்து, அதன் பின் ‘டு’ வருகிறது. முடிந்துபோன செயலை ஒப்புபவரும் மறுப்பவரும் பேசும்போது ‘அட்மிட்’, ‘டினை’ ஆகியவற்றுக்குப் பின் ‘இங்’ வடிவம் வருகிறது. ‘சஜெஸ்ட்’ யோசனையை முன்வைக்கும் வினை. கேட்பவரை நேராகச் செயலுக்குத் தள்ளுவதில்லை. அதனால் அவர் பெயரைத் தனக்குப் பக்கத்தில் ஏற்பதில்லை. ‘டெல்’ கேட்பவரை உள்ளே இழுக்கும், ‘சே’ இழுக்காது. விலக்குகள் உண்டு என்றாலும் இந்த ஒழுங்கு பெரும்பாலான வாக்கியங்களுக்கு வழிகாட்டும்.

சொன்னதும், சொன்னதன் உண்மையும்

சொல்லப்பட்டது என்பதையும் அது உண்மை என்பதையும் பிரிக்கத் தவறினால் உயிரே போகலாம். மலாயாவில் அவசரநிலைக் காலத்தில் சுப்ரமணியம் என்பவர் 20 தோட்டாக்கள் வைத்திருந்ததற்காக மரண தண்டனை பெற்றார். பயங்கரவாதிகள் மிரட்டியதால்தான் வைத்திருந்தேன் என்பது அவர் தரப்பு. அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை அவர் எடுத்துச்சொல்ல விசாரணை நீதிபதி அனுமதிக்கவில்லை. அது செவிவழிச் செய்தி என்று ஒதுக்கினார். மேல்முறையீட்டில் 1956இல் லண்டன் பிரிவி கவுன்சில் தண்டனையை ரத்து செய்தது. பிறர் சொன்னதை அதன் உண்மைக்குச் சான்றாகக் காட்டினால் அது செவிவழிச் சாட்சியம். அப்படிச் சொல்லப்பட்டது என்பதை மட்டும் நிறுவக் காட்டினால் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. மிரட்டியவர்கள் சொன்னது உண்மையா என்பது அங்கே கேள்வியில்லை. சொன்னார்கள் என்பதே அவர் மனத்தில் அச்சத்தை விளைத்தது. ஆங்கிலச் சட்டம் சாட்சியத்தில் போட்ட அதே கோட்டைத்தான் ‘செட்’, ‘லேர்ன்ட்’ என்ற இரண்டு வினைகளுக்கு இடையே ஆங்கில இலக்கணமும் போட்டுவைத்திருக்கிறது.

மேற்கோள் குறிக்குள் இருப்பது

அயற்கூற்றைவிட நேர்க்கூற்று நம்பத்தக்கது என்று நினைக்கிறோம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1611இல் வெளியான ஆங்கில விவிலியத்தில் மேற்கோள் குறிகளே கிடையாது. 1740களின் தொடக்கத்தில் சாமுவேல் ஜான்சன் ஓர் இதழுக்காக எழுதிய நாடாளுமன்ற உரைகள், உறுப்பினர்களே பேசியவை போலத் தன்மையில் இருந்தன. அவற்றில் பெரும்பகுதி, மற்றவர்கள் கொண்டுவந்த குறிப்புகளை வைத்து ஜான்சன் தாமே புனைந்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்ற விவாதங்களைத் தொகுத்த 19ஆம் நூற்றாண்டின் ஹன்சார்ட் பதிவுகள் பெரும்பாலும் அயற்கூற்றில் இருந்தன: உறுப்பினர் ‘ஹி’ ஆனார், அவர் செய்யப்போவதெல்லாம் ‘வுட்’ ஆனது. செய்தித்தாள்களிலிருந்து தொகுக்கப்பட்ட பதிவுக்கு அந்த அடக்கம் பொருத்தம். 1909இல் நாடாளுமன்றம் தன் சொந்த நிருபர்களை அமர்த்தி, எல்லா உறுப்பினர் பேச்சையும் தன்மையில் பதியத் தொடங்கியது. சுருக்கெழுத்தாளர் அவையிலேயே அமர்ந்து கேட்டு எழுதியதால் அந்த வடிவத்துக்கு உரிமை கிடைத்தது.

மேற்கோள் குறி என்ன வாக்குறுதி தருகிறது என்ற கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. ஜெஃப்ரி மேசன் என்ற உளப்பகுப்பாய்வாளர், தாம் சொல்லாத சொற்களைத் தம் வாயில் வைத்ததாக நியூயார்க்கர் இதழ் மீதும் எழுத்தாளர் ஜேனட் மால்கம் மீதும் வழக்குத் தொடுத்தார். 1991இல் நீதிமன்றம், மேற்கோள் குறி வாசகருக்குச் சொன்னவரின் சொற்களையே தருவதாக உணர்த்துகிறது என்பதை ஏற்றது. ஆனால் சொல்லை மாற்றியது மட்டுமே அவதூறுச் சட்டத்தின்படி பொய்யாகிவிடாது. பொருள் கணிசமாக மாறியிருக்க வேண்டும் என்று வரையறுத்தது. பின்னர் 1994இல் ஜூரி மால்கமுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சொற்களுக்கு உத்தரவாதம் கொடுக்க முடிந்தால் மட்டும் மேற்கோள் குறி. பொருளுக்கு மட்டும் உத்தரவாதம் என்றால் அயற்கூற்று. எழுதுகிற ஒவ்வொருவரும் கைக்கொள்ள வேண்டிய நெறி இது.

கூற்றுவினை மறையும்போது

ஆங்கில நாவல் இந்த இலக்கணத்தின் எல்லையைத் தொட்டது. ‘அவள் சன்னலருகே நின்றாள்’ என்று எழுதிவிட்டு, அடுத்து ‘வுட் ஹி கம் டுமாரோ?’ என்று ஆங்கிலத்தில் எழுதினால், அது யார் கேள்வி? ‘வுட்’ காலம் பின்னகர்ந்ததைக் காட்டுகிறது. அது கதைசொல்லியின் கை. ‘டுமாரோ’ நகரவில்லை, அது அவள் மனம். கேள்வியின் சொல்வரிசையும் அவளுடையதே. கூற்றுவினை எங்குமில்லை. இரு குரல்கள் ஒரே வாக்கியத்தில் கலந்திருக்கின்றன. மொழியியலாளர் சார்ல் பாயி 1912இல் பிரெஞ்சு மொழியில் இதற்குப் பெயரிட்டு விளக்கினார். அதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு முன்பே, 1815இன் இறுதியில் வெளிவந்த ‘எம்மா’ நாவலில் ஜேன் ஆஸ்டின் இதைத் தேர்ந்த கையோடு ஆண்டிருந்தார்.

கூற்றுவினை இல்லையென்றால் பொறுப்பு யாருக்கு? 1857இல் பாரிஸில் ‘மதாம் பொவாரி’ நாவலுக்காக குஸ்தாவ் ஃப்ளோபேர் நீதிமன்றத்தில் நின்றார். நாயகி தன் கள்ளக்காதலை எண்ணிப் பூரிக்கும் வரிகளை ஆசிரியரின் சொந்தக் கருத்தாகவே அரசு வழக்கறிஞர் எர்னஸ்ட் பினார் படித்துக்காட்டினார். அந்த வரிகள் பாத்திரத்தின் மனவோட்டம். ‘அவள் நினைத்தாள்’ என்ற வினை மட்டும் அங்கே இல்லை என்பதை இலக்கியக் கோட்பாட்டாளர் ஹான்ஸ் ராபர்ட் யாஸ் பிற்காலத்தில் சுட்டினார். ஃப்ளோபேர் விடுதலையானார். ஒரு வினைச்சொல் விடுபட்டதால் ஓர் எழுத்தாளர் சிறைக்குப் போயிருக்கக்கூடும்.

எப்படிக் கற்பிக்கலாம்

வாக்கிய மாற்றப் பயிற்சியை உடனே ஒழித்துவிட வேண்டியதில்லை. அதற்குச் சூழலைக் கொடுத்தால் போதும். யார், யாரிடம், எப்போது, எங்கிருந்து சொல்கிறார் என்ற நான்கு விவரங்களையும் வினாவிலேயே தர வேண்டும். ஒரே பேச்சை நண்பர், நிருபர், எதிர்க்கட்சிக்காரர் ஆகிய மூவரும் எப்படி எடுத்துரைப்பார்கள் என்று எழுதச் சொல்லலாம். நாளிதழ்ச் செய்தி ஒன்றில் கூற்றுவினைகளை அடிக்கோடிட்டு, எதில் நிருபர் தம் தீர்ப்பைச் சேர்த்தார், எதில் ஒதுங்கி நின்றார் என்று வகுப்பில் விவாதிக்கலாம். ‘ஹி செட் ஹி இஸ்’ என்பதும் ‘ஹி செட் ஹி வாஸ்’ என்பதும் எங்கெங்கே பொருந்தும் என்று கேட்கலாம். ஒரே விடை எதிர்பார்க்கக் கூடாது. தமிழின் ‘என்று’, ‘ஆக’, ‘தான்’, ‘ஆம்’ ஆகியவற்றோடு ஒப்பிட்டுக் காட்டுவதை நேர விரயமாக நினைக்காமல், பாடத்தின் பகுதியாகவே வைக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை ‘அப்படி ஒருவர் சொல்லியிருக்கிறார்’ என்று நிறுத்தாமல் ‘இப்படி நடந்திருக்கிறது’ என்று பரப்பும் காலத்தில் நம் பிள்ளைகள் வளர்கிறார்கள். பிறர் சொன்னதைத் தம் கையொப்பமின்றி எடுத்துரைக்கத் தெரிவது அவர்களுக்கு மதிப்பெண்ணுக்கு மேல் தேவைப்படும் திறன். ஆங்கில ஆசிரியர்கள் அயற்கூற்றுப் பாடத்தை அடுத்த முறை எடுக்கும்போது கரும்பலகையில் பட்டியலை எழுதுவதற்கு முன், மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டுகிறேன்: இந்த வாக்கியத்துக்கு யார் பொறுப்பு? அதற்கு விடை சொல்லத் தெரிந்த மாணவருக்குக் காலமும் வினையும் சுட்டும் தாமே கைவரும்.